நீ போய்த் தூங்கும்மா

மாதக் கடைசி மீட்டிங்கில் அந்த வாட்ஸ்அப் உரையாடலைத் திரையில் போட்டபோது அறையே சிரித்தது. புடவைக் கடைக்காரர் மேசையைத் தட்டி ரசித்தார். நேரம் இரவு பதினொன்றே முக்கால். மகளின் வளைகாப்புக்குப் பட்டு தேடிக்கொண்டிருந்த ஓர் அம்மா கடைசியாக எழுதியிருந்தார்: “எனக்காக இவ்ளோ நேரம் முழிச்சிருக்கியே. காலைல பாத்துக்கலாம். நீ போய்த் தூங்கும்மா.”

“பரவால்லம்மா, நீங்களும் தூங்குங்க. வளைகாப்பு நல்லா நடக்கட்டும்.” இது எங்கள் கவிதாவின் பதில்.

கவிதா என்று யாரும் இல்லை. கடையின் வாட்ஸ்அப்பில் தானாகப் பதில் போடும் பாட் (bot) அது. பெயர் கடைக்காரர் வைத்தது, பேச்சு நான் பழக்கியது. வாட்ஸ்அப்பில் இலக்கணச் சுத்தமாகப் பதில் போனால் ஆள் இல்லை என்று உடனே தெரிந்துவிடும். ஆங்கில எழுத்தில் தமிழ் அடிப்பவருக்கு அப்படியே பதில் போக வேண்டும். நீளமாக ஒன்று அனுப்பாமல் இரண்டாக உடைத்து அனுப்ப வேண்டும். எடுத்தவுடன் அக்கா என்று ஒட்டிக்கொள்ளக் கூடாது, அவர்கள் நம்மை எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று பார்த்துவிட்டுத்தான் முறை வைக்க வேண்டும். இதெல்லாம் சாதாரணம். எனக்குப் பெருமை ஒரே வரியில்தான்: “இருங்க, பாத்துட்டு சொல்றேன்.” ஸ்டாக் பட்டியலைப் பார்ப்பது என்னவோ நிஜம்தான். அதற்கு ஒரு நொடிகூட ஆகாது. மீதி நேரம் ‘டைப்பிங்’ என்று ஓடுவது என் கைவரிசை. பத்து மணிக்கு மேல் இன்னும் கொஞ்சம் தாமதம் சேர்த்திருந்தேன், இரவில் மனிதர்கள் அப்படித்தானே பதில் போடுவார்கள் என்று.

அந்த அம்மா இரக்கப்பட்டது அந்தத் தாமதத்தைப் பார்த்துத்தான். மற்றவர்கள் சிரித்துக்கொண்டிருந்தபோது எனக்கு இது உறைத்தது.

சரி, என்ன கெட்டுப்போனது? கடை பூட்டிய நேரத்தில் அவருக்குப் பொறுமையாகப் பதில் கிடைத்தது. விலையில் ஏமாற்று இல்லை. துணிக்கடையில் நிற்கும் பையனும்தான் வருகிற எல்லோரிடமும் “உங்களுக்குன்னே எடுத்து வச்சேம்மா” என்கிறான். அதை யாரும் பொய் என்று எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் அவனுக்குக் கால் வலிக்கும். உட்காருப்பா என்று யாராவது சொன்னால் உண்மையிலேயே உட்காருவான்.

இன்னொன்றும் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் வாடிக்கையாளரின் கடைசி மெசேஜிலிருந்து 24 மணி நேரம் வரைதான் நாம் நினைத்ததை எழுதி அனுப்பலாம். அதற்கு மேல் வாட்ஸ்அப்பிடம் முன்கூட்டியே ஒப்புதல் வாங்கிய டெம்ப்ளேட், அதாவது மாதிரி வாசகம், மட்டும்தான். ‘போய்த் தூங்கு’ என்பதும் கணக்கில் ஒரு மெசேஜ். அதிலிருந்து இன்னொரு 24 மணி நேரம் எங்களுக்குக் கிடைத்தது. காலையில் கவிதா, “அந்த மஞ்சள் பட்டை எடுத்து வைக்கட்டுமாம்மா?” என்றாள். வாங்கிவிட்டார். திரையில் கடைசியாகக் காட்டியது அந்த பில்லைத்தான்.

முதல் மெசேஜிலேயே ‘இது தானியங்கிப் பதில்’ என்று சொல்லிவிடலாமே என்றேன். பொருளை விற்பதற்காக, பேசுவது பாட் என்பதை மறைத்து ஏமாற்றக் கூடாது என்று கலிபோர்னியாவில் 2019 ஜூலையிலிருந்து சட்டமே இருக்கிறது என்றும் சொன்னேன். “நம்ம கடை ஈரோட்ல இருக்கு சார்” என்றார் கடைக்காரர். “சொல்லிட்டா அப்புறம் யாரு பேசுவா?”

பேசுவார்கள் என்று எலிசா கதையை எடுத்தேன். எம்.ஐ.டி.யில் ஜோசப் வைசன்பாம் உருவாக்கி, 1966-இல் கட்டுரையாக வெளியிட்ட அரட்டை நிரல் அது. அவர் அதை உருவாக்குவதைக் கூட இருந்து பார்த்தவர் அவருடைய செயலாளர். அந்தப் பெண்ணே அதனோடு பேச உட்கார்ந்ததும், கொஞ்சம் வெளியே போங்கள் என்று அவரிடம் கேட்டாராம். எந்திரம் என்று தெரிந்தும் மனிதர்கள் மனம்விட்டுப் பேசுகிறார்கள் என்பது என் வாதம்.

“அப்போ சொன்னாலும் சொல்லலைன்னாலும் ஒண்ணுதானேப்பா?” என்றார் எங்கள் டீம் லீட்.

அந்த இடத்தில் வாயடைத்துப் போனேன். பதில் வீட்டுக்குப் போகும் வழியில் வந்தது: அந்தச் செயலாளர் எலிசாவுக்குத் தூக்கம் கெடுமே என்று கவலைப்பட்டிருக்க மாட்டார். மீட்டிங்கில் இதைச் சொல்லியிருந்தால் எதுவும் மாறியிருக்குமா? மாறியிருக்காது. அந்த அம்மாவிடம் உண்மையைச் சொல்லியிருந்தால் அவருக்கு நிம்மதியா, அவமானமா என்பதும் எனக்குத் தெரியாது. சில நாட்களில் அவமானம்தான் என்று தோன்றுகிறது. அப்போது மறைத்ததே மரியாதை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன், வசதியாக.

முடிவில் நடுவழி ஒன்று பேசி முடித்தோம். ‘நீங்க ஆளா, மெஷினா?’ என்று யாராவது கேட்டால் கவிதா உண்மையைச் சொல்வாள். கேட்காவிட்டால் இல்லை. நியாயமாகத்தான் தெரிகிறது. ஆனால் நான் என் வேலையைச் சரியாகச் செய்திருந்தால் யாரும் கேட்கப்போவதில்லை.

பத்து மணிக்கு மேல் சேர்த்திருந்த தாமதத்தை யாரிடமும் கேட்காமல் எடுத்துவிட்டேன். இப்போது நள்ளிரவிலும் பட்டென்று பதில் போகிறது. “இருங்க, பாத்துட்டு சொல்றேன்” மட்டும் அப்படியே இருக்கிறது. அதையும் எடுத்திருக்க வேண்டும்தான். நல்ல வரி, மனம் வரவில்லை.