அத்தையும் நானும் கடைசிப் பக்கமும்

ஜனவரி 7, 2024

அத்தை ஓஹாயோ வந்து மூன்று வாரம் ஆகிறது. பாளையங்கோட்டையில் 31 வருஷம் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் எடுத்தவர். இங்கே சோபாவில் உட்கார்ந்து ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்து, "இந்த ஊர்ல ஆளே கிடையாதாட்டி?" என்று ஒரு நாளைக்கு நாலு தடவை கேட்கிறார். நான் ஐ.சி.யூ.வில் இரவு டியூட்டி பார்த்துவிட்டுப் பகலில் தூங்குகிற ஆள், வீட்டுக்காரர் ஆபீஸ், பையன் பள்ளிக்கூடம். அத்தைக்கு டிவியும் ஆகாது.

அதனால் இன்று ஆராதனை முடிந்து நேரே நூலகத்துக்குக் கூட்டிப்போய், யாருக்கும் தெரியாமல் நான் மேய்கிற அலமாரியைக் காட்டினேன். புத்தக முதுகில் குட்டியாக ஒரு சிலுவை ஸ்டிக்கர் இருக்கும். 'இன்ஸ்பிரேஷனல்' என்று இங்கே சொல்கிறார்கள். கிறிஸ்தவக் காதல் கதைகள், கிறிஸ்தவ த்ரில்லர்கள், 1800களில் நடப்பது, போன வாரம் நடப்பது, எல்லாம் கலந்து இருக்கும். கூட வேலை பார்க்கும் யாரிடமும் இதைப் படிக்கிறேன் என்று சொன்னதில்லை, சொன்னால் ஒரு மாதிரி சிரிப்பார்கள். ஆனால் இரவெல்லாம் வென்டிலேட்டர் சத்தத்தில் நின்றுவிட்டு வருகிறவளுக்கு, நமக்குப் பிடித்தவர் கட்டாயம் பிழைத்துக்கொள்வார் என்று தெரிந்த ஒரு கதை வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

அத்தை பெரிய எழுத்துப் பதிப்பு ஒன்றை எடுத்தார். முன் அட்டை, பின் அட்டை எதையும் பார்க்கவில்லை. நேரே கடைசிப் பக்கம்.

"கல்யாணம் ஆயிருது. சரி, இதை எடுத்துக்கிடுவோம்."

ஜனவரி 15

பொங்கல். வெளியே உறைந்து கிடக்கிறது, பால் குக்கரில்தான் பொங்கியது. அத்தை ஒரு வாரத்தில் மூன்று முடித்துவிட்டார். மூன்றும் சஸ்பென்ஸ்.

இந்த சஸ்பென்ஸ் வகைக்கு ஒரு வாய்ப்பாடு உண்டு. முதல் பக்கத்திலேயே யாரோ அவளைத் துரத்துவான். காப்பாற்ற வருகிறவன் போலீஸாகவோ, மோப்ப நாய் வைத்திருப்பவனாகவோ, சாட்சிகளை ஒளித்துவைக்கிற யு.எஸ். மார்ஷலாகவோ இருப்பான், அனேகமாக அவளை எப்போதோ விட்டுப்போனவனாகவும் இருப்பான். பனிப்புயல் வரும், செல்போனில் சிக்னல் போகும், மலைமேல் ஒரு மரவீடு இருக்கும். ஓடுகிற ஓட்டத்திலேயே சாய்வெழுத்தில் ஒற்றை வரி ஜெபம், 'ஆண்டவரே, உதவும்' என்று. மூன்றே நாளில் கொலைகாரனும் பிடிபடுவான், பின்வாங்கிப்போன விசுவாசமும் திரும்பி வரும்.

எனக்கு இதில் சகிக்க முடியாதது தோளில் படுகிற குண்டுதான். ஹீரோவுக்குக் குண்டு படவேண்டும் ஆனால் சாகக்கூடாது என்றால் எல்லாரும் தோளில்தான் சுடுகிறார்கள், அடுத்த அத்தியாயத்தில் அவன் அதே கையால் கார் ஓட்டுகிறான். தோளுக்குள் கைக்குப் போகிற பெரிய ரத்தக்குழாய் இருக்கிறது, கையை அசைக்கிற நரம்புகள் மொத்தமும் ஒரு கொத்தாக அங்கேதான் போகின்றன. அந்த இடத்தில் ரத்தம் கொட்டினால் கையில் கட்டுவதுபோல இறுக்கிக் கட்டவும் முடியாது. நான் புலம்பிக்கொண்டே இருந்தேன். அத்தை கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "நெஞ்சுல சுட்டா கல்யாணம் நடக்காதுல்லா" என்றார்.

ஜனவரி 21

"யாரு இதை இப்படி வண்டி வண்டியா எழுதித் தள்ளுதா?" என்று கேட்டதால் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். 1979-ல் ஜேனட் ஓக் என்கிற கனடாக்கார அம்மா, புல்வெளிப் பிரதேசத்தில் கணவனை இழந்த ஒரு பெண்ணையும் மனைவியை இழந்த ஒருத்தனையும் வைத்து ஒரு கதை எழுதினார். மின்னெசோட்டாவின் பெத்தனி ஹவுஸ் போட்டது. அது பிய்த்துக்கொண்டு போனபிறகுதான், பக்தி நூல் மட்டுமே போட்டுக்கொண்டிருந்த பதிப்பகங்களுக்கெல்லாம் இந்தச் சந்தை கண்ணில் பட்டது. 1997-ல் காதல் கதைக்குப் பேர்போன ஹார்லெக்வினே 'லவ் இன்ஸ்பயர்டு' என்று தனி வரிசை தொடங்கியது. 2005-ல் அதில் சஸ்பென்ஸ், 2008-ல் சரித்திரம். சரித்திர வரிசையை மட்டும் 2018-ல் நிறுத்திவிட்டார்கள், எனக்கு இன்னும் ஆற்றாமைதான்.

இந்தக் கதைகளில் முத்தத்தைத் தாண்டிப் போகக்கூடாது, கெட்ட வார்த்தை கூடாது, ஹீரோ பாரில் உட்கார்ந்து குடிக்கக்கூடாது. அத்தைக்கு இது ஒன்றும் புதிதாகப் படவில்லை. நம்ம ஊர் மாத நாவலும் கதவைச் சாத்தி விளக்கை அணைப்பதோடு நின்றுவிடும் என்றார். அங்கே முரட்டு முதலாளி, இங்கே முரட்டுப் பண்ணைக்காரன். அவனுக்குள் ஈரம் இருக்கிறது என்று கண்டுபிடிக்க இருநூறு பக்கம்.

பிப்ரவரி 2

நேற்று ஒரு சின்ன வேத பாடம் நடந்தது. இந்தக் கதைகளில் எப்போது பார்த்தாலும் வேதாகமத்தில் எரேமியா 29:11 வசனம் வரும். சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருக்கும், இல்லாவிட்டால் ஹீரோயினின் பாட்டி போர்வையில் தைத்து வைத்திருப்பார். உனக்கென்று ஒரு நல்ல எதிர்காலத்தைத் திட்டம் போட்டு வைத்திருக்கிறேன் என்கிற தொனியில் அதை எடுத்துவிடுவார்கள். நேற்று அத்தை படித்த கதையிலும் வந்தது. படக்கென்று புத்தகத்தை மூடினார்.

"பதினொண்ணை மட்டும் பிச்சு எடுத்துக்கிட்டா எப்படி? பத்துல என்ன போட்டிருக்கு? பாபிலோன்ல எழுபது வருஷம் நிறைவேறினப்புறந்தான்னு போட்டிருக்கு. கேட்டவன்ல பாதிப் பேரு திரும்பி வரப்போறதில்லை. வீட்டைக் கட்டு, தோட்டத்தைப் போடு, அங்கனயே பிள்ளையக் குட்டியப் பெத்துக்கன்னு, சிறைபிடிச்சுக்கிட்டுப் போனவங்களுக்கு எழுதின கடுதாசி அது."

பிறகு தன் வேதாகமத்தை எடுத்துவந்து காட்டினார். தமிழில் அந்த வசனம் 'நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுக்கும்படிக்கு' என்று ஆரம்பிக்கிறது. எதிர்பார்த்திருக்கும் முடிவு! இந்த நாவல்களுக்கு இதைவிடப் பொருத்தமான விளம்பரம் யாராலும் எழுத முடியாது என்று நான் சிரிக்க, அத்தைக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டைக் கட்டு, தோட்டத்தைப் போடு என்பது எனக்கு உறைக்க ஒரு நாளாகியிருக்கிறது. இந்த ஊருக்கு வந்து எனக்கு 14 வருஷம்.

பிப்ரவரி 14

இந்த வருஷம் சாம்பல் புதனும் காதலர் தினமும் ஒரே நாளில். கடையில் சிவப்பு ரோஜா வாங்கிக்கொண்டு நின்ற ஒரு பையன் நெற்றியில் சாம்பல் சிலுவை. இன்று தொடங்கி ஈஸ்டர் வரைக்குமான தவக்காலம், அதாவது லெந்து, முடியும்வரை நாவல் தொடுவதில்லை என்று அத்தை அறிவித்துவிட்டார். நூலகப் புத்தகங்களை டிவிக்குப் பின்னால் அடுக்கியாயிற்று.

பிப்ரவரி 22

எட்டு நாள். "இதுவும் ஜெபத்தைப் பத்தின புத்தகந்தானே" என்று ஒன்று வெளியே வந்துவிட்டது. நான் எதுவும் கேட்கவில்லை.

இந்தத் தடவை சரித்திரம். விளம்பரம் பார்த்துக் கடிதம் எழுதி, முகம் தெரியாதவனைக் கட்டிக்கொள்ள ரயிலேறிப் போகிற மணப்பெண் கதை. சரித்திரக் கதையில் பக்தி எனக்கு உறுத்துவதே இல்லை, ஏனென்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன். வெட்டுக்கிளி வந்து பயிரைத் தின்றுவிட்டுப் போகிறது, அடுத்த வீடு ஆறு மைல், குழந்தைக்குத் தொண்டை அடைப்பான், டாக்டர் கிடையாது. அங்கே ஒருத்தி முழங்கால் போட்டால், வேறு என்ன செய்வாள் பாவம் என்று இருக்கிறது. இந்தக் காலத்துக் கதையில் ஆம்புலன்ஸ் வரும் நேரத்தில் அதே ஜெபம், அப்புறமாக எடுத்து ஒட்டவைத்த மாதிரி தெரிகிறது. இத்தனைக்கும் நானே டியூட்டியில் அப்படி ஜெபிக்கிறவள்தான்.

அத்தை மாட்டியது வேறு இடத்தில். கதைப்படி, நிலத்தைக் காப்பாற்ற அவளுக்கு ஒரு புருஷன் வேண்டும். 1862-ல் வந்த ஹோம்ஸ்டெட் சட்டத்தில் அரசாங்க நிலம் 160 ஏக்கர் கிடைக்கும், ஐந்து வருஷம் குடியிருந்து பயிர் செய்து காட்டினால் நிலம் சொந்தம். அந்தச் சட்டத்தில் 21 வயதான கல்யாணமாகாத பெண் தன் பேரிலேயே மனுப் போடலாம், எத்தனையோ பெண்கள் போட்டும் இருக்கிறார்கள். புருஷனோடு இருக்கிறவள்தான் போடமுடியாது. "அப்ப இவ எதுக்கு இவனைக் கட்டுதா? பட்டா இவ பேருக்கே வருமே!" இடம் விஷயத்தில் எங்கள் அத்தையை யாரும் ஏமாற்ற முடியாது.

மார்ச் 9

பனி விட்டுவிட்டது. காலையிலேயே கிளம்பி பெர்லின் போனோம், ஜெர்மனி இல்லை, இங்கே ஹோம்ஸ் கவுண்டியில் இருக்கிற பெர்லின், காரில் இரண்டு மணி நேரத்துக்குள். அந்தக் கவுண்டியில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் ஆமிஷ், கார் வைத்துக்கொள்ளாமல் பழைய முறையிலேயே வாழ்கிற ஒரு கிறிஸ்தவப் பிரிவு. இந்த அலமாரியில் கால்வாசி ஆமிஷ் காதல் கதைதான், அதனால் அத்தை ஏதோ சொந்தக்காரர் வீட்டுக்குப் போகிற மாதிரி சீலை மடிப்பு எடுத்துக் கட்டி, மேலே என் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு வந்தார்.

கறுப்புக் குதிரைவண்டிகள், பின்னால் ஆரஞ்சு முக்கோணம். ஒரு வீட்டுக் கொடியில் துணி காய்ந்தது: கறுப்புக் கால்சட்டைகள் பெரியதிலிருந்து சிறியது வரைக்கும் வரிசையாக, ஏழு. நாவல் அட்டையில் வெள்ளைத் தொப்பி போட்ட பெண் மை தீட்டி, உதட்டுச்சாயம் போட்டு வயலைப் பார்த்து நிற்பாள். இங்கே நாங்கள் பார்த்த பெண் சீஸ் கடையில் தராசு பார்த்துக்கொண்டிருந்தாள், கை வெடித்திருந்தது. அத்தை அவளிடம் செலரி பற்றிக் கேட்டார். லான்காஸ்டர் ஆமிஷ் கல்யாண விருந்தில் செலரி கட்டாயம், அதனால் ஒரு அம்மா தோட்டத்தில் செலரியை அதிகமாகப் போட்டால் அந்த வீட்டில் கல்யாணம் என்று ஊர் புரிந்துகொள்ளும், இது எல்லா நாவலிலும் வரும். அந்தப் பெண் சிரித்துவிட்டு, அதெல்லாம் பென்சில்வேனியாப் பக்கம் என்றாள். இந்தக் கதைகளைப் படிப்பாளா என்று நான் கேட்கவில்லை. இவற்றை எழுதுகிறவர்களில் ஆமிஷ்காரர் அபூர்வம் என்பது எனக்குத் தெரியும். சுற்றிலும் கண்காட்சி மாதிரி நம்மைப் பார்க்கிறார்களே என்று எங்களுக்கே ஒரு நாளில் எத்தனை தடவை தோன்றுகிறது.

திரும்பும் வழியில் 2006 அக்டோபரில் லான்காஸ்டர் பக்கம் நிக்கல் மைன்ஸில் நடந்ததைச் சொன்னேன். ஒருத்தன் ஆமிஷ் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்து பெண்பிள்ளைகளைச் சுட்டான், ஐந்து பேர் செத்துப்போனார்கள். ஆமிஷ்காரர்கள் அன்றைக்கே போய் அவன் குடும்பத்துக்கு ஆறுதல் சொன்னார்கள், அவன் அடக்கத்துக்கும் போனார்கள். அத்தை வீடு வரும்வரை பேசவில்லை.

மார்ச் 16

இதை எழுதலாமா என்று யோசித்தேன். 2021-ல் அமெரிக்கக் காதல் நாவலாசிரியர்கள் சங்கம் தன் விவியன் விருதை ஒரு இன்ஸ்பிரேஷனல் சரித்திர நாவலுக்குக் கொடுத்துவிட்டுச் சில நாட்களிலேயே திரும்பப் பெற்றது. கதையின் தொடக்கம் வூண்டட் நீ, 1890 டிசம்பர் 29. அமெரிக்கக் குதிரைப்படை நூற்றுக்கணக்கான லகோட்டா பூர்வகுடி மக்களைக் கொன்ற இடம், பெண்கள், கைக்குழந்தைகள் உட்பட. ஹீரோ அந்தப் படையின் அதிகாரி. மனம் உடைகிறான், படையை விடுகிறான், மற்றவர்களைக் காப்பாற்றுகிறவனாக மாறுகிறான், காதல் கைகூடுகிறது.

இரண்டு பேரும் படித்தோம். நன்றாகவே ஓடுகிறது, அதுதான் சங்கடம். நான் ராத்திரி ஒரே மூச்சில் பாதி முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தேன். பரலோகத்தில் மன்னிப்பு உண்டு, எப்பேர்ப்பட்டவனுக்கும் உண்டு, எனக்கு அதில் சந்தேகம் இல்லை, சந்தேகம் இருந்தால் நான் என்ன கிறிஸ்தவள். ஆனாலும் ஏதோ இடித்தது. அத்தை காப்பி ஆற்றிக்கொண்டே, இயேசுவைப் பார்த்து மனம் திரும்பிய வரிக்காரன் சகேயுவை இழுத்தார்:

"சகேயு என்ன சொன்னான்? நாலத்தனையாத் திருப்பித் தாரேன்னான். யார்கிட்ட எடுத்தானோ அவங்களுக்கு. இவன் எடுத்தது ஒருத்தங்ககிட்ட, கொடுக்கிறது வேற ஆளுக்கு."

இத்தனை வருஷமாக நான் படித்த புல்வெளிக் கதைகளை நினைத்துப் பார்த்தேன். 160 ஏக்கர், 160 ஏக்கர் என்று எல்லாரும் வேலி போடுகிறார்கள். அதற்கு முந்தின வருஷம் அங்கே யார் இருந்தார்கள் என்று வாசல் தாண்டிப் போய்க் கேட்கிற ஹீரோயினை நான் ரொம்பக் குறைவாகத்தான் சந்தித்திருக்கிறேன், நானும் கேட்டதில்லை. அடுத்த சரித்திர நாவல் ஒன்று மேசையில் இருக்கிறது. படிப்பேன்தான்.

ஏப்ரல் 3

நாளை மறுநாள் அத்தைக்கு விமானம். நூலகத்துப் பழைய புத்தக விற்பனையில் ஒரு பை நிறைய வாங்கினார், பெட்டி 23 கிலோவைத் தாண்டிவிட்டது. பேரன் வாங்கிக்கொடுத்த பாதாம் பாக்கெட்டை எடுத்து வெளியே வைத்தார். புத்தகம் ஒன்றைக்கூட எடுக்கவில்லை.

ஏப்ரல் 10

காலையில் டியூட்டி முடிந்து காருக்குள் ஏறும்போது பாளையங்கோட்டையிலிருந்து போன்.

"ஏட்டி, அந்த நாய் வச்சிருக்க போலீஸ்காரன் கதை இருக்குல்லா, சிவப்பு அட்டை. கடைசி அஞ்சாறு தாளைக் காணும். எவனோ கிழிச்சிட்டான்."

"வாங்கும்போதே கடைசிப் பக்கம் பாத்திருப்பீங்களே அத்தை?"

"கூட்டத்துல எங்க பார்க்க? பையில அள்ளிப் போட்டதுதானே. வேற வழி இல்லாம முதல்ல இருந்து படிச்சுக்கிட்டு வந்தேன்." கொஞ்சம் நிறுத்தி, "நேத்து ராத்திரி தூங்கவே இல்லை" என்றார்.

நூலகத்தில் எடுத்துப் பார்க்கிறேன், கடைசிப் பக்கங்களைப் போட்டோ பிடித்து வாட்ஸப்பில் போடுகிறேன் என்றேன்.

"அதெல்லாம் வேண்டாம். கல்யாணம் ஆயிரும், எனக்குத் தெரியும். கொன்னது அந்த அண்ணங்காரனான்னு மட்டும் சொல்லு."

நூலகக் கணக்கில் பார்த்தேன். எனக்கு முன்னால் மூன்று பேர் அந்தப் புத்தகத்துக்குக் காத்திருக்கிறார்கள்.