மைக்கு அடியில் இருந்த அரியம்

2013ஆம் ஆண்டு நத்தாருக்கு மூன்று நாள் இருக்கையில் ரொறன்ரோவில் உறைமழை பெய்தது. மரக்கிளைகளெல்லாம் கண்ணாடி பூசியதுபோலாகி, பாரம் தாங்காமல் முறிந்து மின்கம்பிகளின் மேல் விழுந்தன. நகரில் மூன்று இலட்சத்துக்கும் அதிகமான இணைப்புகளில் மின்சாரம் நின்றது. ஸ்காபரோவில் எங்கள் வீடு இரண்டரை நாள் இருட்டில் கிடந்தது, வெப்பமூட்டியும் ஓடவில்லை. இரண்டு கம்பளிகளுக்குள் இருந்தபடியே அம்மா, "ஒரு ஜாம் போத்தல் எடுத்து வா, தம்பி" என்றார்.

நம் கல்லூரிப் பழைய மாணவர் மலரில் இதை வாசிக்கும் நம் வயதுக்காரருக்கு இதற்கு விளக்கம் தேவையில்லை. 1990இல் போரால் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் போன பிறகு நாங்கள் படித்ததெல்லாம் அந்தப் போத்தல் விளக்கில்தான். அடியில் பஞ்சு, அது நனையும் அளவுக்கு மண்ணெண்ணெய், நடுவே ஒரு திரி. ஸ்காபரோ வீட்டில் மண்ணெண்ணெய் ஏது? மெழுகுதிரி ஒன்றைப் போத்தலுக்குள் நிறுத்தி ஏற்றினேன். அந்த வெளிச்சத்தில் அம்மாவின் முகத்தைப் பார்த்தபோதுதான் அலுமாரிக்குள் இருந்த கமரா நினைவுக்கு வந்தது.

அந்தக் கமராவைப் பற்றிச் சொல்லவேண்டும். அது கண்ணுக்குத் தெரியாத ஒரு கதிரைப் படமெடுக்கும். நாங்கள் செந்நிறக்கீழ்க் கதிர் என்று படித்த அதைத் தமிழ்நாட்டில் அகச்சிவப்புக் கதிர் என்பார்கள். கண்ணுக்குத் தெரியும் சிவப்பு ஏறத்தாழ 700 நானோமீற்றர் அலைநீளத்தோடு முடிந்துவிடுகிறது. கமராவிலுள்ள சிலிக்கன் உணரியோ 1000 நானோமீற்றருக்குச் சற்று அப்பாலும் உணரும். அப்படியே விட்டால் நிறங்கள் கெட்டுவிடும் என்பதால், செய்பவர்கள் உணரியின் முன்னால் ஒரு தடுப்புக் கண்ணாடியை வைத்து அந்தக் கதிரை மறித்துவிடுகிறார்கள். அந்தக் கண்ணாடியைக் கழற்றிய பழைய கமரா ஒன்றை அந்த இலையுதிர்காலத்தில் மலிவாக வாங்கியிருந்தேன். வில்லையின் முன் மாட்ட ஹோயா ஆர்72 என்ற வடிகட்டி. கையில் எடுத்தால் கறுப்புத் தட்டுப்போல இருக்கும். 720 நானோமீற்றரை ஒட்டித்தான் கதிரை உள்ளே விடத் தொடங்கும். பூங்காவில் மேப்பிள் மரங்களைப் படம் எடுக்கவேண்டும் என்பது என் எண்ணம். கமரா வந்து சேர்ந்தபோது மரங்களில் ஓர் இலை இல்லை.

ஆகவே முதல் படம் மெழுகுதிரி ஒளியில் அம்மா. எட்டு விநாடி அசையாமல் இருந்தார். கண்ணுக்கு மங்கலாகத் தெரிந்த அறை, படத்தில் பௌர்ணமி நிலவில் நனைந்ததுபோல வந்தது. மெழுகுதிரிச் சுடர் கண்ணுக்குத் தருவது கொஞ்சம். கண்ணுக்கு அப்பால் கொட்டுவதுதான் அதிகம். அம்மாவின் கன்னத்துச் சுருக்கங்கள் பாலில் கரைந்ததுபோல மென்மையாகிவிட்டன. முன்கை நரம்புகள் மட்டும் தோலுக்கு அடியில் கருங்கொடிகளாய் ஓடின. அந்தக் கைகளை நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜனவரி பிறந்ததும் குளிர் இன்னும் இறுகியது. வடதுருவக் காற்று தெற்கே இறங்கி, வெப்பநிலை மைனஸ் 20க்கும் கீழே போனது. இரவில் நிலத்தடி நீர் உறைந்து விரிந்து, மண் பிளந்து, வெடி வெடித்ததுபோலச் சத்தம் கேட்டது. பனி அதிர்வு என்று செய்தியில் சொன்னார்கள். முதல் சத்தத்துக்கு அம்மா கட்டிலிலிருந்து எழுந்து சுவரோரம் குந்திவிட்டார். ஏன் என்று மகள் கேட்டாள். நான் பிறகு சொல்கிறேன் என்றேன்.

வெளியே போக முடியாத அந்த வாரங்களில் சமையலறையே என் ஆய்வுகூடமாயிற்று. முதலில் கற்றுக்கொண்டது வெளிச்சத்தைப் பற்றி. எல்ஈடி விளக்கின் கீழ் பத்து விநாடி திறந்து வைத்தும் படம் கருமையாகவே வந்தது. அந்த விளக்கு கண்ணுக்கு வேண்டிய ஒளியை மட்டுமே தருகிறது. பழைய தங்குதன் இழைக் குமிழைப் போட்டவுடன் அறை முழுவதும் வெளித்துவிட்டது. அந்தக் குமிழ் உண்ணும் மின்சாரத்தில் பெரும்பகுதி செந்நிறக்கீழ்க் கதிராகத்தான் போகிறது. அதனால்தான் 2014 ஜனவரி முதல் கனடாவில் 100 வாட், 75 வாட் குமிழ்களின் இறக்குமதி நிறுத்தப்பட்டது. மூலைக்கடையில் எஞ்சியிருந்த நான்கு பெட்டிகளை வாங்கி வந்தேன். இன்னும் இரண்டு குமிழ் கைவசம் இருக்கிறது.

கனடாத் தமிழர் வீடுகளில் குளிர்காலத்தில் வரவேற்பறைக்குள் குடியேறும் ஒரு சீவன் உண்டு: சட்டியில் வளரும் கறிவேப்பிலைக் கன்று. அதைக் குமிழ் வெளிச்சத்தில் வைத்து எடுத்தேன். ஒவ்வோர் இலையும் வெண்பனிபோல வெளுத்து நின்றது. பச்சையம் சிவப்பையும் நீலத்தையும் விழுங்கும். இந்தக் கதிரைத் தொடாது. இலையின் உள்ளே இருக்கும் காற்றறைகளும் உயிரணுச் சுவர்களும் அதைச் சிதறடித்துத் திருப்பி அனுப்பிவிடுகின்றன. அமெரிக்கப் பௌதிகவியலாளர் ராபர்ட் வுட் 1910இல் இப்படிப்பட்ட நிலக்காட்சிப் படங்களை வெளியிட்டார். இலை வெளுப்பதற்கு இன்றும் அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள். படத்தைப் பார்த்த அம்மா, "கறிவேப்பிலைக்கும் பனி கொட்டிவிட்டதா?" என்று கன்றைத் தொட்டுப் பார்த்தார்.

வீட்டுக்கு வந்த உறவினர்கள், சன்னலில் சூடு எங்கே கசிகிறது என்று இதில் பார்க்கலாமா என்று கேட்டார்கள். முடியாது. நம் உடலும் சுவரும் வீசும் வெப்பக் கதிர் 10,000 நானோமீற்றர் அளவில் இருக்கிறது. அதற்கு வேறு வகை உணரி வேண்டும். எங்கள் கமராவுக்கு எட்டும் அளவுக்கு ஒரு பொருள் தானாக ஒளிரவேண்டுமென்றால் அது நன்றாகச் சூடேறவேண்டும். இதை மகளுக்குக் காட்ட, சமையலறையை முற்றாக இருட்டாக்கி, மின்னடுப்பின் சுருளை மெல்லச் சூடேற்றினோம். 500 பாகை செல்சியஸைத் தாண்டினால்தான் கண்ணுக்குச் சிவப்புத் தெரியத் தொடங்கும். அதற்கு முன்னரே நிறுத்திவிட்டோம். எங்கள் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. முகத்தில் சூடு மட்டும் பட்டது. முப்பது விநாடி கழித்துக் கமராவின் திரையில் அந்தச் சுருள், தேன்குழல் பிழிந்ததுபோல வளைவு வளைவாக ஒளிர்ந்துகொண்டு வந்தது. மகள் மூச்சுக்கூட விடாமல் பார்த்தாள். இருட்டில் அவள் கை என் சட்டையைப் பிடித்திருந்தது.

அடுத்த கண்டுபிடிப்பு தற்செயல். மேசையில் கோலாப் பானம் ஒரு குவளையில் இருந்தது. படத்தில் அது வெறும் தண்ணீராகத் தெரிந்தது. பின்னால் இருந்த கரண்டி அப்படியே தெளிவாகத் தெரிந்தது. கதவருகே தொங்கிய அம்மாவின் கறுப்புக் குளிரங்கியும் வெளிறிச் சாம்பலாகிவிட்டது. சாயம் என்பது கண்ணுக்கு மட்டும்தான் கறுப்பு என்று அன்று விளங்கியது. சாயத்துக்கு எல்லை உண்டு, கரிக்கு இல்லை. விளக்குப் புகைக்கரி, அச்சு மை, பென்சில் காரீயம் ஆகிய மூன்றும் கரி வகை, மூன்றும் இந்தக் கதிரிலும் கறுப்பாகவே நிற்கும். சாக்கடலோரக் குகைகளில் கிடைத்த பழஞ்சுவடிகளை 1950களில் ஜெருசலேமில் செந்நிறக்கீழ் ஒளியில் படமெடுத்து வாசித்தது இதனால்தான். தோல் கருகியிருந்தாலும் அதன்மேல் கரிமை தனித்துத் தெரிந்தது. எழுத்தாணியால் கீறிக் கரி பூசிய நம் ஏடுகளுக்கும் இதே முறை பொருந்தும். நம் ஊரில் எத்தனை வீட்டுப் பரண்களில் கறுத்துப்போன ஏடுகள் இருந்தன, எத்தனை எரிந்தன என்று எண்ணினால் நெஞ்சு அடைக்கிறது.

நீல மையும் சாயம்தானே என்று அன்றிரவு படுக்கையில் தோன்றியது. எழுந்து போய்ப் பெட்டியைத் திறந்தேன்.

என்னிடம் நம் கல்லூரியின் நினைவாக எஞ்சியிருப்பது ஒரே ஒரு கொப்பி. உயர்தரப் பௌதிகவியல் செய்முறைக் கொப்பி. 1995 ஒக்டோபர் 30 இரவு, போர் நெருங்கியதால், குடாநாட்டின் வலிகாமம் பகுதி முழுவதும் ஒரே வீதியில் இறங்கி நடந்தபோது, அரிசியும் அப்பாவின் மருந்தும் வைத்த பையில் நான் திணித்தது அதைத்தான். மழை. நாவற்குழிப் பாலத்தில் சனம் நகர முடியாமல் நெருக்கியதில் பைக்குள் இருந்த மைப்போத்தல் உடைந்துவிட்டது. விடிந்து சாவகச்சேரியில் பையைத் திறந்தால், அரிசியின் ஒரு பகுதி நீலமாக இருந்தது. அம்மா அதைக் கழுவிக் கழுவிச் சமைத்தார். கொப்பியின் நடுப்பக்கங்கள் முழுவதும் நீலத்தில் தோய்ந்து, ஒட்டி, காய்ந்து தகடுபோலாகிவிட்டன. பதினெட்டு ஆண்டுகளாக அந்தப் பக்கங்களை நான் வாசிக்கவில்லை. கொப்பியை எறியவும் மனம் வரவில்லை.

ஒட்டியிருந்த பக்கங்களை வெண்ணெய்க் கத்தியால் மெல்லப் பிரித்தேன். இரண்டு பக்கமும் இரண்டு குமிழ்களை வைத்துக் கமராவை நேர் மேலே நிறுத்தினேன். இந்தக் கதிருக்கு வில்லையின் குவியம் சற்று மாறும் என்பதால் முதல் மூன்று படங்கள் தெளிவில்லை. நான்காவதில் நீலம் இல்லை. வெள்ளைத் தாள். அதன்மேல் என் பென்சில்.

ஒளியை நிறங்களாகப் பிரிக்கும் முக்கோணக் கண்ணாடியான அரியம் ஒன்று. இடப்பக்கத்திலிருந்து வரும் ஒரு கோடு. வலப்பக்கம் விசிறியாய் விரியும் ஏழு கோடுகள். சிவப்புக்கு அப்பால் ஒரு புள்ளிக்கோடு, அதன் முனையில் ஒரு வெப்பமானி.

அந்தப் பரிசோதனை எனக்கு அப்படியே கண்முன் வந்தது. ஆய்வுகூடத்தில் மின்சாரம் இல்லை, மின்கலமோ போர்க்காலத்தில் தடைசெய்யப்பட்ட பொருள். பாடத்திட்டத்தில் பாதிப் பரிசோதனைகளைக் கரும்பலகையில்தான் செய்தோம். எங்கள் பௌதிகவியல் ஆசிரியர், நாங்கள் சேர் என்று அழைப்பவர், அதோடு விடவில்லை. "1800இல் வில்லியம் ஹேர்ஷலிடம் மின்சாரம் இருந்ததா?" என்று கேட்டார். யுரேனஸைக் கண்டுபிடித்த அந்த வானியலாளர், சூரிய ஒளியை அரியத்தால் பிரித்து, நிறத்துக்கு நிறம் வெப்பமானி வைத்துப் பார்த்தவர். சிவப்புக்கு வெளியே, ஒளியே இல்லாத இடத்தில் வைத்த வெப்பமானிதான் எல்லாவற்றிலும் அதிகமாக ஏறியது. அதையே நாங்கள் செய்தோம். யன்னலைப் பலகையால் மறைத்து ஒரு கீற்று மட்டும் விட்டோம். வெப்பமானிக் குமிழைக் கறுப்பாக்க, வீட்டிலிருந்து கொண்டுவந்த போத்தல் விளக்கின் புகையைப் பிடித்தோம். ஒருவன் அரியத்தைச் சூரியனோடு சேர்த்துத் திருப்பிக்கொண்டே இருக்கவேண்டும். கால்மணி நேரம் ஆயிற்று. இருட்டில் வைத்த வெப்பமானி ஒன்றரைப் பாகை கூடுதலாகக் காட்டியது. எங்கள் வகுப்பில் பதினொரு பேர் முறைவைத்துக் குனிந்து அந்த இரசக் கோட்டைப் பார்த்தோம். யாரும் பேசவில்லை.

படங்களைப் பென்சிலால்தான் வரையவேண்டும் என்பது சேருடைய கட்டளை. மை கரையும், காரீயம் கரையாது என்பார். அந்தக் கட்டளையால்தான் அந்தப் பக்கம் மீண்டது.

ஆனால் ஒன்று குறைந்தது. பக்கத்தின் அடியில் சேர் சிவப்புப் பேனையால் ஏதோ எழுதியிருந்தது எனக்குத் தெரியும். நீலத்துக்குள் ஊதாத் தழும்பாக அது கண்ணுக்குப் படும், எழுத்தாகத் தெரியாது. செந்நிறக்கீழ்ப் படத்தில் நீலத்தோடு சேர்ந்து சிவப்பும் போய்விட்டது. என் கை மிஞ்சியது, சேருடைய கை இல்லை. அதைத் தாங்க முடியவில்லை. இரண்டு நாள் யோசித்தேன். நீல மை நீல ஒளியை விடும், சிவப்பு மை அதை விழுங்கும். சாதாரணக் கமராவால் அதே பக்கத்தை எடுத்து, கணினியில் சிவப்பையும் பச்சையையும் நீக்கி நீலப் பங்கை மட்டும் வைத்துக்கொண்டேன். தாள் வெளிறியது. ஊதாத் தழும்பு கறுத்தது. வேறுபாட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டக் கூட்ட, சாய்ந்த சிறிய எழுத்துகள் ஒவ்வொன்றாக எழுந்தன.

ஏழு நிறக் கோடுகளுக்கும் அம்புக்குறி போட்டிருந்த நான், அந்தப் புள்ளிக்கோட்டுக்கு மட்டும் போட மறந்திருக்கிறேன். சேர் அதைச் சுழித்துவிட்டு எழுதியிருந்தார்: "இதற்கும் அம்புக்குறி இடவும். 9½/10." கீழே ஒப்பம். திகதி 14.09.1995.

இரண்டு படங்களையும் மலர்க் குழுவுக்கு அனுப்பியிருக்கிறேன். அந்தக் கையெழுத்தை நம்மில் பலர் ஒரே பார்வையில் அடையாளம் காண்பார்கள்.