டெய்லி குட் மார்னிங் வந்துச்சு, ஆனா

எங்க வீடு சென்னை தண்டையார்பேட்டை ஹவுசிங் போர்டுல மூணாவது மாடி. நான் சின்ன பையனா இருந்தப்போ சாயங்காலம் ஆனா எங்க பிளாக் படிக்கட்டுல நடக்க வழி இருக்காது, ஒரு ஆயா முருங்கக்கீர உருவினு இருக்கும், அதுக்கு கீழ்ப்படில ஒரு அக்கா பொண்ணுக்கு பேன் பாத்துனு இருப்பாங்க, தண்ணி லாரி சத்தம் கேட்டா எல்லாம் குடத்த தூக்கினு ஓடி வரிசைல வச்சுட்டு திரும்பவும் அங்கயே வந்து உக்காந்துப்பாங்க. யார் வீட்ல சண்ட, யாருக்கு ஜுரம், எல்லாம் அங்க தெரிஞ்சிடும். அது முழுக்க நல்லதுன்னு சொல்ல மாட்டேன், எங்க அக்காவ பத்தி தப்பா பேசினதும் அதே படிக்கட்டுதான், அவ எத்தன நாள் அழுதான்னு எனக்கு தெரியும்.

2016 செப்டம்பர்ல ஜியோ வந்து டேட்டா ஃப்ரீன்னு ஆனதும் எங்க பிளாக்ல பசங்க எல்லார் கைலயும் போன். அம்மாவுக்கு 2020 லாக்டவுன்ல நான்தான் வாங்கி குடுத்தேன், கோயம்புத்தூர்ல இருக்கற பேத்திய வீடியோ கால்ல பாக்கட்டும்னு. லாக்டவுன் முடிஞ்சும் அம்மா படிக்கட்டு பக்கம் போகல. முன்னாடி நாலு பேரு ஒரே வீட்ல உக்காந்து பாத்த சீரியல இப்ப நாலு வீட்ல நாலு போன்ல பாக்கறாங்க. எனக்கு நைட் ஷிஃப்ட், பகல்ல தூக்கம், ரொம்ப நாள் இது என் கண்ல படவே இல்ல.

2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வந்துச்சு. கரண்ட் இல்ல, டவர் இல்ல, கீழ்வீட்டுக்காரங்க சாமான தூக்கினு மேல வந்துட்டாங்க. அன்னிக்கு மெழுகுவத்தி வச்சுக்கினு எல்லாரும் படிக்கட்டுல உக்காந்திருந்தப்போதான் எதிர் வீட்டு அக்கா அழுதாங்க, நாளைக்கு எப்படி ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு போறதுன்னு. என்னான்னு கேட்டா அஞ்சு மாசமா டயாலிசிஸ் பண்ணிக்கினு இருக்காங்களாம். அம்மா அப்படியே அவங்க கைய புடிச்சுக்கினாங்க. அப்புறம் உள்ள வந்து என்கிட்ட, "டெய்லி காலைல ரோசாப்பூ போட்டு குட் மார்னிங் அனுப்புவாடா, நானும் அனுப்புவேன், நல்லாதான் கீறான்னு நெனச்சுக்கினு இருந்தேன்"னாங்க. ரெண்டு வீட்டு கதவுக்கும் நடுவுல ஆறடி கூட இருக்காது.

அதுக்கப்புறம்தான் இத பத்தி படிக்க ஆரம்பிச்சேன். அமெரிக்கால பிட்ஸ்பர்க்ல ராபர்ட் க்ரௌட்னு ஒரு ஆராய்ச்சியாளரும் அவர் டீமும் 73 குடும்பத்துக்கு கம்ப்யூட்டரும் நெட்டும் குடுத்து பாத்துட்டு 1998ல எழுதினாங்க, நெட்ட ஜாஸ்தி யூஸ் பண்ணவங்க வீட்ல பேசறது குறைஞ்சிருக்கு, தனிமை கொஞ்சம் கூடியிருக்குன்னு. இத்தனைக்கும் அவங்க முக்கியமா யூஸ் பண்ணதே மத்தவங்களோட பேசத்தான். ஆளுங்களோட மேலோட்டமான பழக்கம் வந்து நெருக்கமான பழக்கத்தோட எடத்த புடிச்சிருக்கலாம்னு அவங்க யோசிச்சாங்க, அத படிச்சதும் எனக்கு அந்த ரோசாப்பூதான் ஞாபகம் வந்துச்சு. ஆனா அதே டீம் அதே ஆளுங்கள திரும்ப பாத்துட்டு 2002ல எழுதினப்போ அந்த பாதிப்பு பெருசா இல்ல. புதுசா சேத்த வேற ஆளுங்கள்ல, நல்லா பழகறவங்களுக்கு நெட்டால நல்லதுதான் ஆச்சு, ஒதுங்கியே இருக்கறவங்களுக்கு தனிமை ஏறுச்சு.

டொராண்டோ பக்கத்துல ஒரு புது குடியிருப்புல இதுக்கு நேர் எதிரா நடந்திருக்கு. 1990கள் கடைசில அங்க பாதிக்கு மேல வீட்டுக்கு ஸ்பீடு நெட்டும், அந்த ஏரியாவுக்குன்னே ஒரு ஈமெயில் குரூப்பும் குடுத்தாங்க, கீத் ஹாம்ப்டன், பேரி வெல்மன்னு ரெண்டு ஆராய்ச்சியாளருங்க போய் பாத்தா, அந்த நெட் கெடைக்காத வீட்டுக்காரங்கள விட இவங்களுக்கு சுமார் மூணு மடங்கு அக்கம்பக்கத்து ஆளுங்க பேர் தெரிஞ்சிருக்கு. என்ன பொறுத்தவரைக்கும் விஷயம் இதான், அந்த குரூப்ல அவங்க பேசினது அவங்க தெருவ பத்தி. எங்க பிளாக்குக்கும் குரூப் இருக்கு, ஆனா அதுல பூ, சாமி படம், ஃபார்வர்டு, இது தவிர ஒண்ணும் வராது, யாருக்கு ஒடம்பு சரியில்லன்னு ஒரு வரி வராது.

புயல் முடிஞ்ச வாரம் அந்த குரூப்ல நான் போட்டேன், "அக்காவ ஸ்டான்லிக்கு கூட்டினு போக செவ்வா வெள்ளி ஆள் வேணும்". ரொம்ப நேரம் ப்ளூ டிக் மட்டும்தான். நைட்டு ஷிஃப்ட்ல இருக்கப்போ பாத்தா ஏழு பேரு பேர் குடுத்திருக்காங்க, அதுல ஒருத்தி ஒரு காலத்துல எங்க அக்காவ பத்தி பேசினவங்க. செவ்வாக்கெழம மட்டும் யாரையும் விடல, அம்மாவே ஆட்டோ ஏறி போறாங்க.