கூடுதல் கம்பி

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம். ஆறு மாடிக் கட்டடம் ஒன்றின் பீம்களில் கணக்கில் வந்ததைவிட இரண்டிரண்டு கம்பி கூடுதலாகப் போட்டு வரைபடத்தை நீட்டினேன். நிலநடுக்கப் பகுதிதானே, கொஞ்சம் தாராளமாக இருக்கட்டும் என்ற எண்ணம். மூத்த பொறியாளர் சிவப்புப் பேனாவால் அத்தனையையும் அடித்தார். "பீமைப் பலப்படுத்திவிட்டாய். இனி எது முதலில் உடையும், சொல்" என்றார்.

தூண்.

அப்போதுதான் உறைத்தது. பீம் விரிசல் விட்டால் அந்தத் தளம் தொய்யும், ஆட்கள் வெளியே ஓடிவிடலாம். தூண் போனால் மாடிகள் ஒன்றன்மேல் ஒன்றாக உட்கார்ந்துவிடும். அதனால்தான் இரண்டும் சேரும் இடத்தில் தூண்களின் வலிமை பீம்களுடையதைவிட 1.2 மடங்காவது இருக்க வேண்டும் என்கிறது அமெரிக்க விதி. ஐரோப்பிய விதி 1.3 கேட்கிறது. நான் அள்ளிப் போட்ட கம்பி அந்தக் கணக்கைத் தலைகீழாக்கியிருந்தது.

எது எங்கே உடையலாம் என்று முன்பே தீர்மானிப்பதுதான் எங்கள் தொழில். இதைக் கட்டட உரிமையாளரிடம் சொல்வது பெரும்பாடு. பல நாட்டு விதிகள் 475 ஆண்டுக்கு ஒருமுறை வரக்கூடிய அதிர்வை அளவாக வைக்கின்றன. 50 ஆண்டுகளில் அதை மிஞ்சிய ஆட்டம் வர 10 சதவீத வாய்ப்பு. அதையும் முழுதாக எதிர்த்து நிற்கும்படி கட்டுவதில்லை. கட்டடம் வளைந்து கொடுக்கும் என்று நம்பி, கணக்கில் எடுக்கும் நிலநடுக்க விசையை ஐந்தில் ஒன்றாகக்கூடக் குறைத்துக்கொள்கிறோம். "அப்படியென்றால் விழாது, ஆனால் இடிக்க வேண்டிவரலாம், அதுதானே?" என்று ஒருவர் கேட்டார். அதேதான். 2011-ல் நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சில், ஆட்டத்தில் விழாமல் நின்ற பல கட்டடங்களைப் பிறகு இடித்துத்தள்ள வேண்டியிருந்தது. இந்தப் பேரத்தைச் சொல்லாமல் வரைபடத்தைக் கையில் கொடுப்பதை ஏமாற்று என்றுதான் சொல்வேன். மருத்துவமனை என்றால் இந்தப் பேரமே கூடாது.

சரி, ஐந்தில் ஒன்று என்ற சலுகை எதை நம்பி? பெரும்பாலும் தூணைச் சுற்றிய வளையக் கம்பியின் கொக்கியை நம்பி. 90 டிகிரியில் மடித்தால், வெளிப்புறக் கான்கிரீட் உதிர்ந்ததும் கொக்கி விரிந்துவிடும். 135 டிகிரியில் மடித்து, தூணின் உட்பகுதிக் கான்கிரீட்டுக்குள் குத்தி நிற்க வேண்டும். கணினியில் மூன்று தசமம்வரை பார்த்துவிட்டு வேலையிடத்துக்குப் போனால், அங்கே 90-ல் மடித்து அடுக்கியிருப்பார்கள்.

"கான்கிரீட் போட்டால் தெரியவா போகிறது, சார்?" போன வாரமும் இதே கேள்வி. நான்கு தூண்களின் வளையங்களை அவிழ்க்கச் சொன்னேன். ஒரு நாள் வேலை வீண். கம்பி கட்டுபவர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.