உதகை ஆய்வகக் குறிப்பு: ஆட்டு ஈரலும் குளுக்கோஸ்-6-பாஸ்பேட்டேஸும்

ஜனவரி 6
அளக்கப்போவது குளுக்கோஸ்-6-பாஸ்பேட்டேஸ்: குளுக்கோஸ்-6-பாஸ்பேட்டிலிருந்து பாஸ்பேட்டைப் பிரித்துக் குளுக்கோஸை விடுவிக்கும் ஈரல் நொதி. மார்க்கெட்டில் ஆடு அறுத்த கையோடு ஈரல் ஐஸுக்குள் போக வேண்டும். வெளியே உறைபனிதானே என்று விட்டால் உடற்சூட்டிலேயே நொதி கெடும். பித்தப்பையைக் கத்தி தொட்ட துண்டு வேண்டாம்: பித்த உப்பு சோப்பு மாதிரி சவ்வைத் திறந்துவிடும்.

1 கிராம் ஈரலுக்கு 0.25 மோலார் சுக்ரோஸ் 9 மில்லி. நுரை வராமல் அரைத்து, 10,000 ஜியில் (புவியீர்ப்பைப் போல் 10,000 மடங்கு விசையில்) 15 நிமிடம் சுழற்ற வேண்டும். மேலே மிதக்கும் கொழுப்பை எடுத்துவிட வேண்டும். அல்ட்ரா சென்ட்ரிஃபியூஜ் (இன்னும் வேகமாகச் சுழற்றும் கருவி) இல்லாததால், மேலே நிற்கும் தெளிந்த கரைசலில் 8 மில்லிமோலார் கால்சியம் குளோரைடு சேர்த்து, 27,000 ஜியில் 15 நிமிடம். அடியில் படிவது மைக்ரோசோம்: உடைந்த செல்லின் உட்சவ்வு சிறு பைகளாக மூடிக்கொண்டது. நமக்கு வேண்டிய நொதி இதில்தான்.

ஜனவரி 7
மைக்ரோசோமுடன் 10 மில்லிமோலார் குளுக்கோஸ்-6-பாஸ்பேட், பிஎச் 6.5, 37 டிகிரி, 10 நிமிடம். வினையை நிறுத்த டிசிஏ (டிரைகுளோரோஅசெட்டிக் அமிலம்). இந்த உயரத்தில் தண்ணீர் 93 டிகிரியை ஒட்டியே கொதிப்பதால் கொதிநீரை நம்பவில்லை. பிரியும் பாஸ்பேட்டை அளப்பது ஃபிஸ்கே–சுப்பாராவ் முறையில்: பாஸ்பேட் எவ்வளவோ அவ்வளவு நீலம். 1925-இல் வந்தது, இன்றும் கைகொடுக்கிறது. ஆனால் காலைக் குளிரில் நீலம் மெதுவாக ஏறுகிறது. ஸ்டாண்டர்டையும் (அளவு தெரிந்த பாஸ்பேட்) மாதிரியையும் ஒரே 25 டிகிரி தொட்டியில் வைத்து, ஒரே கால இடைவெளியில் 660 நானோமீட்டரில் படித்த பிறகே எண்கள் ஒத்துவந்தன.

நொதி சேர்க்காத குழாயும் நீலமானால் முதலில் சந்தேகிக்க வேண்டியது கண்ணாடியில் ஒட்டிய சோப்புத்தூள். அடுத்தது, பழசாகித் தானே சிதைந்த குளுக்கோஸ்-6-பாஸ்பேட்.

ஜனவரி 8
பிஎச் 5-இல், 37 டிகிரியில் 10 நிமிடம் வைத்தால் இந்த நொதி செத்துவிடும். அதற்குப் பிறகும் மிஞ்சும் வேலை மற்ற பாஸ்பேட்டேஸ்களுடையது. அதைக் கழித்தே எழுத வேண்டும்.

ஜனவரி 9
முக்கியமான சோதனை இது. நொதியின் வினைமுனை மைக்ரோசோமுக்கு உள்பக்கம் இருக்கிறது. குளுக்கோஸ்-6-பாஸ்பேட்டை உள்ளே விட ஒரு கடத்திப் புரதம் உண்டு. மேனோஸ்-6-பாஸ்பேட்டுக்கு அந்த வழி இல்லை. ஆகவே முழுமையான மைக்ரோசோம் மேனோஸ்-6-பாஸ்பேட்டைத் தொடாது; டிரைட்டான் (சோப்பு மாதிரியான பொருள்) சேர்த்துச் சவ்வைக் குலைத்தால் உடைக்கும். நேற்று உறைய வைத்த மாதிரி டிரைட்டான் இல்லாமலே உடைத்தது: பனிப்படிகம் சவ்வைக் கிழித்திருக்கிறது. அதில் கிடைத்த கூடுதல் வேகத்தை "நொதி தூண்டப்பட்டது" என்று எழுதியிருந்தால் பெரும்பிழை. புது மாதிரி, அன்றே அளவு.

ஜனவரி 12
பட்டினியில் எலியின் ஈரலில் இந்த நொதி கூடும். தீனி தின்றதும் இன்சுலின், ஃபாக்ஸோ1 என்ற மரபணுக் கட்டுப்பாட்டுப் புரதம் வழியாக, அதன் மரபணுவை அடக்கும். ஆட்டிடம் அதே அளவு இறக்கத்தை எதிர்பார்க்க முடியாது: மாவுச்சத்தில் பெரும்பகுதி முதல் இரைப்பையிலேயே நொதித்துவிடுகிறது, குடலுக்கு வரும் குளுக்கோஸ் கொஞ்சம்தான். தீனி தின்ற பிறகும், அந்த நொதித்தலில் உண்டாகும் புரோபியோனேட்டிலிருந்து ஈரல் குளுக்கோஸ் செய்தபடியே இருக்கிறது.

அறுக்கும் முன் எத்தனை மணி நேரம் தீனி இல்லை என்பதை இனி கடைக்காரரிடம் கேட்டு, டப்பாவின் மேலேயே எழுதிக்கொண்டு வர வேண்டும்.