தண்ணி, தண்ணீர்: நான்காம் வகுப்பில் ஐந்து நாள்

ஜூன் 16, திங்கள்
இந்த வாரம் பாடநூலுக்குப் பதில் கையால் எழுதிய எட்டு வரிப் பத்தி. மேட்டூரில் வழக்கமாக ஜூன் 12 அன்று திறக்கும் தண்ணீர் கல்லணைக்கு வருவது, அங்கே காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரிவது, கால்வாயின் கடைசியில் இருக்கும் வயல்களான கடைமடைக்குப் பிந்திப் போய்ச் சேர்வது. இவ்வளவுதான். தாள் இருவருக்கு ஒன்று. ஆளுக்கொன்று கொடுத்தால் பக்கத்துப் பிள்ளையிடம் கேட்க வேண்டிய தேவையே வராது. முதல்முறை ஆசிரியர் வாசிக்க, பிள்ளைகளின் விரல் வரிக்குக் கீழே ஓட வேண்டும். அடுத்து இருவரும் மாற்றி மாற்றி ஒவ்வொரு வரி. எல்லாரும் சேர்ந்து கத்தி வாசித்தால் பாதிப் பேர் வாயை மட்டும் அசைப்பார்கள். ‘கடைமடை’யில் தடுக்கி விழுந்தது யார் என்றே தெரியாது.

ஜூன் 17, செவ்வாய்
“கல்லணையில் தண்ணீர் எத்தனையாகப் பிரிகிறது?” என்ற கேள்வி வீண். “நாலு சார்” என்றதும் பேச்சு முடிந்துவிட்டது. மாற்றிய கேள்வி: “தண்ணீர் குறைவாக வந்தால் முதலில் யார் வயலுக்கு விடணும்? பத்தியில் ஒரு வரியைக் காட்டிச் சொல்லு.”

பேசும் முன் 3 நிமிடம், ஆளுக்கொரு வரி நோட்டில். இதில் பிழை பார்ப்பதில்லை. இந்த வரி இல்லாவிட்டால், குரல் பெரிய இரண்டு பேர் சொன்னதே வகுப்பின் கருத்தாகிவிடும். பிறகு இருவராக 5 நிமிடம், நால்வராக 10 நிமிடம். எதிர்த்துப் பேசுகிறவர் முதலில் “நீ சொன்னது இதுதானே?” என்று மற்றவர் பேச்சைத் திருப்பிச் சொல்ல வேண்டும். முதல் சுற்றில் அது வெறும் சடங்கு. தண்ணீர் முதலில் வரும் தலைமடைப் பிள்ளையும் கடைமடைப் பிள்ளையும் ஒரே குழுவில் விழுந்த இடத்தில்தான் உயிர் வந்தது.

ஜூன் 18, புதன்
எழுதும் நாள். 15 நிமிடம், ஐந்து வாக்கியம். ஒரு நோட்டில் இப்படி:

“எங்க வாய்காலுக்கு தண்ணி இன்னும் வரல. மேல உள்ளவங்க மதவ அடச்சுட்டாங்க.”

சொல்ல வந்த செய்தி, அதற்குக் காரணம், இரண்டும் இருக்கின்றன. இதில் சிவப்பு மையைக் கொட்டினால் அடுத்த முறை பிள்ளை இரண்டு வாக்கியத்தோடு நிறுத்திக்கொள்ளும். கரும்பலகையை இரண்டாகப் பிரித்தோம்: இடப்பக்கம் பேச்சு, வலப்பக்கம் எழுத்து. தண்ணி – தண்ணீர், வரல – வரவில்லை, மதவ – மதகை, அடச்சுட்டாங்க – அடைத்துவிட்டார்கள். இடப்பக்கம் தப்பு இல்லை, அது வாய்க்கு உரியது. இதை வாய்விட்டே சொல்ல வேண்டியிருக்கிறது.

திருத்தம் ஒரு நாளைக்கு ஒரு வகை மட்டும். இன்று ‘க்’. வாய்கால், வாய்க்கால் என்று மாற்றி மாற்றிச் சொல்ல வைத்தால் காதே பிடித்துக்கொள்கிறது. வயல், வாழை, வெள்ளம் என்ற ல-ழ-ள சண்டை இன்னொரு நாளைக்கு.

மாதிரி வாக்கியத்தைப் பலகையில் விட்டுவைத்தது தவறு. நான்கு நோட்டில் அதே வாக்கியம், அதே முற்றுப்புள்ளி. படித்துக் காட்டியதும் அழித்துவிட வேண்டும்.

ஜூன் 19, வியாழன்
நோட்டை மாற்றி வாசித்து, கீழே ஒரு கேள்வி. வெறும் ‘ஏன்?’ செல்லாது, எழுதியவரின் சொல் ஒன்று கேள்வியில் இருக்க வேண்டும். “மதகை யார் அடைத்தார்கள்?” என்று வந்தது. எழுதியவர் பதிலாக ஒரு வாக்கியம் சேர்த்தார்.

ஜூன் 20, வெள்ளி
எழுத்துக் கூட்டவே திணறும் பிள்ளைகளுக்குத் தனிப் பாடம் வேண்டாம். அவர்கள் சொல்ல, துணைப் பிள்ளை எழுத, அதையே அவர்கள் வாசிக்கிறார்கள். தன் வாயில் வந்த வாக்கியம் என்பதால் அடுத்த சொல்லை ஊகிக்க முடிகிறது. ஆனால் மனப்பாடமாகவும் ஒப்பிப்பார்கள். வாக்கியத்தைச் சொல் சொல்லாக வெட்டிக் கலைத்து அடுக்கச் சொன்னால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

திங்களன்று, முறை வைத்துத் தண்ணீர் விடும் முறைப்பாசனம் பற்றிய பத்தி; இன்னும் இரண்டு வரி கூடுதல்.