ஓய்வெடுக்க மறுத்த அப்பாவும் ஒன்பது மணி மாத்திரையும்

அப்பாவுக்கு வயது 79. வலது கணுக்கால் முறிந்து, தகடும் திருகாணிகளும் வைத்து அறுவை சிகிச்சை செய்தார்கள். சிகிச்சையும் மருத்துவமனையில் இருந்த ஐந்து நாட்களும் எந்தச் சிக்கலும் இல்லாமல் கழிந்தன. வீட்டுக்கு வந்த பிறகுதான் தொல்லை தொடங்கியது.

டிஸ்சார்ஜ் சம்மரியில் இருந்தது ஒரே வரி: ஆறு வாரம் வலது காலை ஊன்றக் கூடாது, ஓய்வு தேவை. எப்படிப்பட்ட ஓய்வு, நாள் முழுவதும் படுத்தே இருக்க வேண்டுமா, கழிவறைக்கு எப்படிப் போவது என்று எதுவும் இல்லை. கேட்டபோது, அதைக் கையில் கொடுத்தவர், "எல்லாம் அதிலேயே எழுதியிருக்கு" என்று சொல்லி அடுத்தவரை அழைத்துவிட்டார். நானும் ஓய்வு என்றால் படுக்கை என்றே எடுத்துக்கொண்டேன். முதல் தவறு அதுதான்.

அப்பாவோ, "வலியே இல்லையே, அப்புறம் எதுக்குப் படுத்துக் கிடக்கணும்?" என்றார். வலி இல்லாததற்குக் காரணம் வலி மாத்திரை என்பதும், எலும்பு இன்னும் கூடவில்லை என்பதும் அவருக்குப் புரியாமல் இல்லை. ஆனால் நாற்பது ஆண்டுகளாக இரவில் எல்லாக் கதவுகளையும் தானே பூட்டிப் பழகிய மனிதர், இன்னொருவர் பூட்டிவிட்டதாகச் சொன்னால் நம்பிப் படுக்கமாட்டார். நான் சமையலறைக்குள் போய் வருவதற்குள் படுக்கையின் ஓரத்தில் கால்களைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருப்பார். கெஞ்சினேன், கோபித்தேன், அழவும் செய்தேன். குரலை உயர்த்திய ஒவ்வொரு முறையும் அவருடைய பிடிவாதம் கூடியதே தவிரக் குறையவில்லை.

இரவுகள் அதைவிட மோசம். மூன்று முறை, நான்கு முறை எழ முயன்றார். உறவினர் ஒருவர் தூக்க மாத்திரை கொடுக்கச் சொன்னார். நல்லவேளையாக முதலில் மருத்துவரிடம் கேட்டேன். முதியவர்களுக்குத் தூக்க மாத்திரை தடுமாற்றத்தையும் குழப்பத்தையும் உண்டாக்கி விழ வைக்கும் என்று அவர் திட்டமாக மறுத்துவிட்டார். அதனால் கட்டிலின் இரு பக்கமும் தடுப்புக் கம்பி மாட்டினேன். அது இரண்டாவது தவறு.

பன்னிரண்டாம் நாள் இரவு இரண்டு மணிக்குச் சத்தம் கேட்டு ஓடினேன். பக்கவாட்டில் இறங்க வழியில்லாததால் கால்மாட்டு வழியாக நகர்ந்து இறங்கியிருக்கிறார். கட்டுப் போட்ட கால் மடங்கியிருக்க, ஒரு கையால் கட்டில் காலை இறுகப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்திருந்தார். உடை நனைந்திருந்தது. என் முகத்தைப் பார்க்காமலேயே, "உன்னைக் கூப்பிட்டா நீ எழுந்திருக்கணுமேம்மா" என்றார். இத்தனை நாளும் நான் எதை எதிர்த்துச் சண்டை போட்டேன் என்பது அந்த நொடியில்தான் உறைத்தது. அவர் எழுந்தது ஓய்வை வெறுத்து அல்ல, சிறுநீருக்காக.

மறுநாள் எக்ஸ்ரேயில் தகடு நகரவில்லை என்று தெரிந்த பிறகுதான் மூச்சு வந்தது. வீட்டுக்கு வந்து மாத்திரைச் சீட்டை வரி வரியாகப் படித்தேன். கால் வீக்கத்துக்காகக் காலையில் மட்டும் எடுத்துவந்த ஃபுரோசமைடு என்னும் நீர் மாத்திரையை மருத்துவமனையில் இரண்டு வேளையாக்கி, 1-0-1 என்று, அதாவது காலையில் ஒன்று, மதியம் இல்லை, இரவில் ஒன்று என்று எழுதியிருந்தார்கள். சாப்பிட்ட ஒரு மணி நேரத்துக்குள் வேலையைத் தொடங்கி ஆறு மணி நேரம் வரை சிறுநீரைப் பிரிக்கும் அந்த மாத்திரையை நானே ஒவ்வொரு நாளும் இரவு ஒன்பது மணிக்குக் கொடுத்துவிட்டு, ஏன் தூங்கமாட்டேன் என்கிறீர்கள் என்று அவரைக் கடிந்துகொண்டிருந்திருக்கிறேன்.

அதை மாற்றுவதற்கும் ஒரு நாள் வீணானது. எலும்பு மருத்துவர், பொது மருத்துவரைப் பார்க்கச் சொன்னார். அங்கே பதிவுப் பிரிவில் இருந்தவர் டிஸ்சார்ஜ் சம்மரியின் அசல் இல்லாமல் பதிய முடியாது என்றார். கைபேசியில் இருந்த படத்தை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. மறுநாள் அசலோடு போனேன். மருத்துவர் அரை நிமிடத்தில் 1-1-0 என்று திருத்தி, இரண்டாவது மாத்திரையைப் பிற்பகல் இரண்டு மணிக்குக் கொடுக்கச் சொன்னார். அசலையும் இரண்டு நகல்களையும் மாத்திரைப் பெட்டியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். மாத்திரையின் நேரத்தை நீங்களாக மாற்றாதீர்கள். ஆனால் இரவில் எழுவதற்கு மாத்திரை காரணமா என்று கட்டாயம் கேளுங்கள்.

படுத்த நிலையிலும் எழுந்து உட்கார்ந்த பிறகும் அப்பாவின் ரத்த அழுத்தத்தை அந்தப் பொது மருத்துவர் அளந்தார். மேல் எண் 140-லிருந்து 112-க்கு இறங்கியது. 20-க்கு மேல் இறங்கினால் தலைசுற்றி விழ வாய்ப்பு அதிகம் என்பதால், எழுந்ததும் இரண்டு மூன்று நிமிடம் கட்டிலிலேயே உட்கார்ந்திருக்கச் சொன்னார். நான் பத்து நாள் சொல்லிக் கேட்காதவர், அந்த எண்ணைக் கண்ணால் பார்த்ததும் கேட்டுக்கொண்டார்.

பிசியோதெரபிஸ்ட் வந்த பிறகுதான் ஓய்வு என்பதன் பொருள் தெரிந்தது. ஓய்வு காலுக்குத்தான், ஆளுக்கு அல்ல. படுத்தே கிடந்தால் தசை கரையும், முதுகில் புண் வரும், காலில் ரத்தம் உறையும் என்றார். தடுப்புக் கம்பியைக் கழற்றி, கட்டிலைத் தாழ்த்தி, நல்ல கால் பக்கமாகக் கமோட் நாற்காலியைப் போட்டோம். நாற்காலியின் சக்கரங்களைப் பூட்டிவிட்டு, இடது காலை மட்டும் ஊன்றித் திரும்பி உட்கார அரை மணி நேரத்தில் பழகிவிட்டார். அன்றைக்கு அவர் முகத்தில் பார்த்த நிம்மதியை நான் மறக்கமாட்டேன்.

கதவு விஷயத்துக்கு வேறு வழி செய்தேன். இரவு அவரைச் சக்கர நாற்காலியில் வைத்து ஒவ்வொரு கதவுக்கும் அழைத்துப் போனேன். பூட்டை அவரே இழுத்துப் பார்ப்பார். சாவிக்கொத்து தலையணைக்கு அடியில் இருக்கும். அதன் பிறகு இரவில் ஒரு முறைதான் எழுந்தார், அதுவும் மணியடித்து என்னை அழைத்து.

ஒரு எச்சரிக்கை. அப்பா அந்த ஆறு வாரமும் தெளிவாகவே இருந்தார். ஆனால் அமைதியாக இருந்த முதியவர் திடீரென்று நிலைகொள்ளாமல் தவித்தாலோ, இடம் நேரம் குழம்பிப் பேசினாலோ அதைப் பிடிவாதம் என்று விட்டுவிடாதீர்கள். சிறுநீர்த் தொற்று, சிறுநீர் அடைப்பு, மலச்சிக்கல், சொல்லத் தெரியாத வலி என எதுவும் காரணமாக இருக்கலாம். அன்றைக்கே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

ஆறாம் வார எக்ஸ்ரேயில் எலும்பு கூடிவருவது தெரிந்தது. வாக்கரோடு பாதி எடையை ஊன்றலாம் என்றார்கள். அன்றிரவு அப்பா சக்கர நாற்காலியைத் தள்ளிவைக்கச் சொன்னார். வாசல் கதவு வரை மெல்ல நடந்துபோய்ப் பூட்டை இழுத்துப் பார்த்தார். நான் ஓரடி பின்னால் நின்றுகொண்டிருந்தேன்.